கருவுற்ற தாய்மாரும் குழந்தைப் பற்சொத்தைத் தடுப்பும்

ஆறு வயது நிறையாத குழந்தையின் பால்பற்களில் ஒன்றிலேனும் சொத்தை தொடங்கியிருந்தாலோ, சொத்தையால் ஒரு பல் பிடுங்கப்பட்டிருந்தாலோ, அடைக்கப்பட்டிருந்தாலோ, அந்நிலையைப் பல் மருத்துவம் ‘இளங்குழந்தைப் பற்சொத்தை’ என்று வகைப்படுத்துகிறது. பல்லில் குழி விழுவதற்கு முன்பு தோன்றும் வெள்ளைத் திட்டும் இந்த வரையறைக்குள் அடங்கும் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்வது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, பால்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் உலகெங்கும் 51 கோடிக்கு மேல் இருப்பதாக மதிப்பிட்டது. இந்தியாவில் 2002–03இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது.

இத்தகைய குழந்தை பல் மருத்துவரிடம் வந்து சேரும்போது அதற்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வயது ஆகியிருக்கும். மேல் முன்பற்கள் ஈறோடு கரைந்து, கன்னம் வீங்கி, வீட்டில் எவரும் இரவெல்லாம் உறங்க முடியாமல் போன பிறகே மருத்துவமனை நினைவுக்கு வருகிறது; அப்போது செய்வதற்குச் சிகிச்சை இருக்கிறதே தவிர, தடுப்பதற்கான காலம் கடந்திருக்கும். கருவுற்ற பெண்ணோ, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் பெற்ற நாளிலிருந்து, எடை பார்ப்பதற்கும் இரத்த அழுத்தம் அளப்பதற்கும் சத்து மாத்திரை வாங்குவதற்கும் பலமுறை சுகாதாரப் பணியாளரின் முன் வந்து அமர்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் மனநிலை அந்த மாதங்களில் இருப்பதுபோல் வேறெப்போதும் இருப்பதில்லை. ஆகவே கிராமச் சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பேறுகால மருத்துவர் ஆகியோர் அப்பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்கிறது, என்ன தெரியவில்லை என்பதை அறிந்து பேசுவதற்கு உதவுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

இனிப்பைப் பற்றிய பாதி அறிவு

கருவுற்ற பெண்களிடம் குழந்தைக்குப் பல் ஏன் சொத்தையாகிறது என்று கேட்டால், படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடின்றி, ‘சாக்லேட், மிட்டாய்’ என்ற விடைதான் முதலில் வரும். அது தவறன்று, ஆனால் அந்த விடையோடு பேச்சை முடித்துவிடும் பணியாளர், சொல்லவேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லாமல் விடுகிறார். மிட்டாயை இனிப்பென்று அறிந்த அதே வீட்டில், பாலில் கலக்கும் சர்க்கரையும், பாலில் ஊறவைத்துத் தரும் ரஸ்க்கும், பிஸ்கட்டும், சத்துப் பானம் என்ற பெயரில் விற்கும் மாவும், இருமல் மருந்தும் இனிப்பின் கணக்கில் சேர்வதில்லை. பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை ‘உடம்புக்கு நல்லவை’ என்று பெயர் பெற்றிருப்பதால், அவை பல்லையும் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பல்லில் வாழும் கிருமிக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

சொத்தை உண்டாகும் விதத்தைத் தாய்க்கு விளக்குவது கடினமன்று. பல்லின் மேல் படியும் வழவழப்பான பற்படலத்தில் பல்வகை நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற சில, வாய்க்குள் வரும் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தன்மையின் அளவான பி.எச். சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. சர்க்கரை உண்ட சில நிமிடங்களிலேயே இந்த இறக்கம் நிகழ்வதையும், உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆவதையும் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் 1940களில் அளந்து காட்டினார். இழந்த தாதுக்களில் ஒரு பகுதியை உமிழ்நீர் பல்லுக்கே திருப்பித் தருகிறது. அதற்கு வேண்டிய இடைவெளி கிடைக்கிறதா என்பதே முழுக் கேள்வியும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும் எத்தனை முறை என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பதாகும். ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று காலையில் சர்க்கரை போட்ட பாலும், சற்று நேரத்தில் பிஸ்கட்டும், நண்பகலுக்கு முன் பழச்சாறும், மாலையில் மீண்டும் பாலும் ரஸ்க்கும், அழும்போதெல்லாம் கையில் ஏதேனும் ஒன்றும், படுக்கும்போது பாட்டில் பாலும் பெறுமானால், அந்தக் குழந்தையின் பல் அமிலத்திலிருந்து மீள்வதற்கு நாளில் இடமே இல்லாமல் போகிறது. விழாவில் ஒருமுறை உணவோடு சேர்த்துத் தின்ற லட்டு இதைவிடக் குறைவான தீங்கையே செய்யும். ‘இனிப்பே தராதீர்கள்’ என்று சொல்லி எவராலும் பின்பற்ற முடியாத கட்டளையை இடுவதைவிட, இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு நிறுத்தி, இடையில் தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு இட்லி, வாழைப்பழம், வேகவைத்த சுண்டல் போன்றவற்றையும் தரச் சொல்வது பயன் தரும். இரண்டு வயது வரை பாலில் சர்க்கரையே சேர்க்காமல் பழக்கினால், இனிப்பில்லாத பால்தான் பால் என்று குழந்தை ஏற்றுக்கொள்ளும். சுவையை முதலில் பழக்கிவிட்டுப் பிறகு நிறுத்துவதே பெரும்பாடாகிறது.

‘விழப்போகிற பல்தானே’

அறியாமைகளுள் மிகவும் கேடு செய்வது எது என்றால், பால்பல் எப்படியும் விழுந்துவிடும் என்பதால் அதற்குக் கவனிப்புத் தேவையில்லை என்ற எண்ணத்தையே சொல்லவேண்டும். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவதைக் கண்ட பெற்றோர், இருபது பால்பற்களும் அதே வயதில் விழுந்துவிடும் என்று கருதுகின்றனர். கடைவாய்ப் பால்பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை குழந்தையின் வாயில் இருந்து உணவை அரைக்க வேண்டியவை. அவற்றை முன்கூட்டியே இழந்தால், அருகிலுள்ள பற்கள் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய நிலைப்பற்களின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பல்வலியுள்ள குழந்தை மெல்ல மறுக்கிறது. மென்று உண்ணாத குழந்தையின் எடை கூடுவதில்லை. இரவில் உறங்காத குழந்தை பகலில் சிடுசிடுக்கிறது. உணவூட்டும்போது தகராறு செய்யும் குழந்தையை ‘சாப்பாட்டில் நாட்டமில்லை’ என்று கண்டிக்கும் வீடுகளில், அதன் வாயைத் திறந்து பார்த்தவர்கள் சிலரே.

ஆறு வயதளவில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. விழாமல் வந்ததால் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுவதால், வாழ்நாள் முழுவதும் இருக்கவேண்டிய பல் பள்ளிப் பருவத்திலேயே சொத்தையாகிறது.

இரவும் முதல் பல்லும்

உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால், உறங்கும் குழந்தையின் வாயில் தேங்கும் இனிப்பான பால், மேல் முன்பற்களைச் சுற்றி நெடுநேரம் நிற்கிறது. நாக்கின் மறைவும் உமிழ்நீரின் ஓட்டமும் இருப்பதால் கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து, கீழ்ப்பற்கள் முத்துப்போல் இருக்கும் வாயைக் கண்டால், இரவுப் பாட்டிலைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடக் கூடாது என்பதும், ஓராண்டு நிறைவதற்குள் பாட்டிலை விட்டுக் கிண்ணத்துக்கு மாற்றவேண்டும் என்பதும் கருவுற்ற காலத்திலேயே சொல்லப்பட வேண்டியவை. பாலாடையும் சங்கும் வழக்கத்தில் உள்ள வீட்டில் பாட்டிலைப் புதிதாகப் புகுத்தவே தேவையில்லை.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் வேண்டும். ‘தாய்ப்பாலால் பல் சொத்தையாகும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், அதைக் கேட்ட பெண் பால்பவுடருக்கு மாறிவிடக்கூடும். அந்த இழப்பை எந்தப் பல் மருத்துவமும் ஈடுசெய்யாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் ஓராண்டுக்குள் தரும் தாய்ப்பால் சொத்தையைக் கூட்டுவதில்லை. புட்டிப்பாலோடு ஒப்பிட்டால் அது காப்பாகவே அமைகிறது. பற்கள் பலவும் முளைத்து, பிஸ்கட்டும் சர்க்கரைப் பாலும் உணவில் சேர்ந்துவிட்ட ஓராண்டுக்குப் பிறகு, இரவு முழுவதும் மார்பை வாயில் வைத்தபடியே அடிக்கடி பாலருந்தி உறங்கும் வழக்கம்தான் சொத்தைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆகவே சொல்லவேண்டியது, ‘பாலை நிறுத்துங்கள்’ என்பதன்று. ‘பல்லைத் துலக்கிவிட்டுப் பால் கொடுங்கள், உறங்கியதும் மார்பை விடுவியுங்கள், உணவில் சர்க்கரையைக் குறையுங்கள்’ என்பதாகும்.

பல் துலக்குவதை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு, ‘எல்லாப் பல்லும் முளைத்த பிறகு’ என்றோ ‘பள்ளிக்குப் போகும்போது’ என்றோதான் பலரும் விடை தருகின்றனர். ஆறாம் மாதத்தையொட்டி முதல் பல் ஈறைக் கிழித்து வெளிவந்த நாளே துலக்கத் தொடங்கவேண்டிய நாள். மூன்று வயது வரை ஓர் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு ஃப்ளூரைடு பற்பசையை மென்மையான சிறு தூரிகையில் தொட்டு, காலையிலும் இரவில் படுக்கும் முன்னும் பெரியவரே துலக்கிவிட வேண்டும். விளம்பரங்களில் தூரிகையின் முழு நீளத்துக்கும் அலைபோல் பசையைப் பிதுக்கிக் காட்டுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரிசி மணியளவு என்பது நம்பத்தகாததாகத் தோன்றும் என்பதால், பணியாளர் ஒரு தூரிகையையும் பசையையும் மேசையில் வைத்திருந்து, தூரிகையின் நுனியில் மட்டும் பூசிக் காட்டுவது சொல்லால் விளக்குவதைவிட மேலானது. குழந்தையே தானாகத் திறம்படத் துலக்குவதற்குக் கை பழக ஏழு, எட்டு வயதாகும்; அதுவரை பெரியவரின் கை வேண்டும்.

பற்பசையை விழுங்கினால் நஞ்சு என்ற அச்சமும், அதனால் ஃப்ளூரைடு இல்லாத ‘குழந்தைப் பசை’யையோ வெறும் விரலையோ நம்பும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. இந்தியாவில் விற்கும் பற்பசையில் ஃப்ளூரைடு பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மிகக்கூடாது என்பது விதி. அத்தகைய பசையின் அரிசி மணியளவை அப்படியே விழுங்கினாலும் குழந்தைக்குத் தீங்கு நேராது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்து, பற்களில் பழுப்புக் கறை படியும் ஃப்ளூரோசிஸ் நோயைத் தலைமுறைகளாகக் கண்டுவந்த மக்களிடம் இந்த அச்சம் இன்னும் ஆழமாக இருப்பதில் நியாயம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தத் துன்பத்தின் பொருட்டுத்தான். அங்கெல்லாம் வீட்டில் குடிக்கும் நீர் ஆழ்துளைக் கிணற்று நீரா, குழாயில் வரும் காவிரி நீரா என்று கேட்டறிந்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள நீரைக் குழந்தைக்குத் தரக்கூடாது என்றும், பசையின் அளவை அரிசி மணியளவோடு கண்டிப்பாக நிறுத்தவேண்டும் என்றும் சொல்லவேண்டும்.

தாயின் வாய்

குழந்தை பிறக்கும்போது அதன் வாயில் சொத்தைக் கிருமி இல்லை. பின்னர் அது பெரும்பாலும் தாயிடமிருந்தே வந்து சேர்கிறது என்ற செய்தியைக் கேள்விப்பட்டிருக்கும் கருவுற்ற பெண்கள் மிகச் சிலரே. சொத்தை ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குத் தொற்றக்கூடியது என்பதை பால் கீஸ் என்ற ஆய்வாளர் 1960இல் வெள்ளெலிகளைக் கொண்டு நிறுவினார். ஃபின்லாந்தின் யிலிவியெஸ்கா நகரில் நடந்த ஆய்வில், வாயில் இக்கிருமி மிகுதியாக இருந்த தாய்மார்கள் குழந்தையின் மூன்றாம் மாதம் முதல் இரண்டு வயது வரை சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்றுப் பொருள் கொண்ட மெல்கோந்தை மென்றுவந்தனர். குழந்தைகள் எதையும் மெல்லவில்லை. ஆயினும் ஐந்து வயதில், தாய்க்கு ஃப்ளூரைடு பூச்சு மட்டும் தரப்பட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, இவர்களுக்குச் சொத்தை சுமார் 70 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த மெல்கோந்தை இங்கு எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைப்பது பொருத்தமாகாது. தாயின் வாயைச் சீராக்கினால் குழந்தையின் பல்லுக்குப் பயன் உண்டு என்ற அடிப்படையையே இங்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செய்தியைச் சொல்லும் முறை முக்கியமானது. சோற்றை மென்று ஊட்டுவதையும், குழந்தையின் கரண்டியைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதையும் தவிர்க்கச் சொல்லலாம். முத்தமிடாதே, ஒரே தட்டில் உண்ணாதே என்று தடைகளை அடுக்குவது வேண்டாம். கிருமி தந்தையிடமிருந்தும் உடன் விளையாடும் பிள்ளைகளிடமிருந்தும் வரக்கூடியதே என்பதால், தாயின்மேல் மட்டும் பழி சுமத்துவது உண்மைக்கும் பொருந்தாது, அவருடைய மனத்துக்கும் நல்லதன்று. தாயின் சொத்தைகளைப் பிரசவத்துக்கு முன்பே அடைத்து, இருவேளையும் ஃப்ளூரைடு பசையால் அவர் துலக்குவதே தடைகள் அனைத்தையும்விடப் பயன் தருவது.

ஆனால் கர்ப்ப காலத்தில் பல் வைத்தியமே கூடாது என்ற நம்பிக்கை இங்கு குறுக்கே நிற்கிறது. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பல்வலியைப் பொறுத்துக்கொண்டு, பிரசவம் முடியட்டும் என்று காத்திருக்கும் பெண்கள் ஏராளம்; சில வேளைகளில் மருத்துவர்களே அவ்வாறு திருப்பி அனுப்பிவிடுவதும் வருந்தத்தக்கது. பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, பல் சுத்தம் செய்தல் ஆகியவற்றை நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் வசதியாகச் செய்துகொள்ளலாம்; வலியோ சீழோ இருந்தால் எந்த மாதத்திலும் காத்திருக்கக் கூடாது. பல்லை மரக்கச் செய்ய வழக்கமாகப் போடும் லிக்னோகெயின் ஊசியும், உரிய காப்போடு எடுக்கும் எக்ஸ்ரே படமும் கருவுக்கு ஊறு செய்வதில்லை. தவிர்க்கவேண்டியது டெட்ராசைக்ளின் வகை மாத்திரை. அது குழந்தையின் பல்லில் நீங்காத கறையை உண்டாக்கும்.

கர்ப்பத்தில் ஈறு வீங்கி இரத்தம் கசிவது இயக்குநீர் மாற்றத்தோடு பற்படலமும் சேர்ந்து செய்யும் வேலை. இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தினால் அது மேலும் மோசமாகும். மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் துலக்கினால், வயிற்று அமிலத்தால் மென்மையான எனாமல் தேயும் என்பதால், சமையல் சோடா சிறிது கலந்த நீராலோ வெறும் நீராலோ வாயைக் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்துத் துலக்கச் சொல்லவேண்டும். கருவிலுள்ள குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கால்சியம் போதாதபோது உடல் எலும்பிலிருந்துதான் எடுக்கும். எனினும் அரசு வழங்கும் கால்சியம் மாத்திரையை விடாமல் உண்பதற்குக் காரணம் உண்டு. பால்பற்களின் அரும்புகள் கருவின் இரண்டாம் மாதத்திலேயே தோன்றி, நான்காம் மாதத்தையொட்டிக் கடினமாகத் தொடங்குகின்றன. தாயின் சத்துக்குறைவாலோ குறைமாதப் பிறப்பாலோ அப்போது செம்மையாக உருவாகாத எனாமல், பிற்காலத்தில் எளிதில் சொத்தையாகிறது.

யாரிடம், எப்போது

தமிழ்நாட்டில் வளைகாப்புக்குப் பின் முதல் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இருப்பதால், ஒன்பதாம் மாதத்துக்கென்று ஒதுக்கிவைத்த அறிவுரை பல பெண்களைச் சென்று சேர்வதே இல்லை. தாயின் வாயைப் பற்றிய பேச்சை நான்காம், ஐந்தாம் மாத வருகையிலும், குழந்தையின் பல்லைப் பற்றிய பேச்சை ஏழாம் மாதத்திலும் வைத்துக்கொள்வது பொருத்தமானது. குழந்தைக்கு எதைத் தருவது என்ற முடிவு பெரும்பாலும் பாட்டியின் கையில் இருப்பதால், உடன் வந்திருக்கும் அம்மாவையோ மாமியாரையோ வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசுவது பயனற்றது. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தைப் பற்றி அவர்களிடமே பேசவேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் பாட்டுலிசம் என்ற கொடிய நரம்பு நச்சு நோயைத் தரக்கூடும் என்பதை அவர்கள் அறிந்தால், பல்லைப் பற்றிச் சொல்லும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

பிரசவத்துக்குப் பிறகு தாயும் குழந்தையும் தவறாமல் வரும் நாள்கள் தடுப்பூசி நாள்களே. ஒன்பதாம் மாத ஊசியின்போது முன்பற்கள் முளைத்திருக்கும் என்பதால், குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கத் தாய்க்குக் கற்பிக்க உகந்த நாள் அது. பணியாளரும் தாயும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே அமர்ந்து, தாயின் முகத்தைப் பார்த்தபடி மடியில் இருக்கும் குழந்தையைப் பின்னோக்கிச் சாய்த்து, அதன் தலை பணியாளரின் மடியில் வருமாறு செய்யவேண்டும். குழந்தையின் கைகளைத் தாய் பிடித்துக்கொள்வார். ஈரத்தைச் சுத்தமான துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, ஈறையொட்டிப் பல்லின் மேல் சுண்ணாம்புக் கோடு போன்ற மங்கிய வெண்மை தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அதுவே சொத்தையின் முதல் அடையாளம். ஈரம் இருக்கும்போது அது கண்ணுக்குத் தப்பிவிடும். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தால் பல்லின் மேல் படியும் கருமை சொத்தையன்று, பல் மருத்துவர் தேய்த்தால் போய்விடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இல்லையெனில் பல் கறுக்கிறதென்று அந்த மருந்தையே நிறுத்திவிடுவார்கள்.

முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பது பொது விதி. வெண்கோடு தென்பட்ட குழந்தையை அந்த நாள் வரை காத்திருக்கவிடாமல் உடனே அனுப்பவேண்டும். இந்நிலையில் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற பூச்சைத் தடவினால், துளையிடாமலே பல் மீண்டும் இறுகக்கூடும். சிறு குழி விழுந்துவிட்ட பல்லிலும், வெள்ளி டையமின் ஃப்ளூரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்துச் சொத்தை மேலும் பரவாமல் நிறுத்த முடியும். அந்த இடம் நிலையாகக் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி இசைவு பெறவேண்டும். தாய் சேய் நல அட்டையில் ஊசி போட்ட தேதியை எழுதும்போதே, உதட்டைத் தூக்கிப் பார்த்த தேதியையும் வெண்கோடு உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரியில் குறித்துவைத்தால், 16ஆம் மாதத்துக்கு மேல் அடுத்த ஊசிக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.